உப்பெடுத்த செய்திகள்

மாமி வைத்த மீன்குழம்பைப் போல வாயில் வைக்க விளங்காத மீன்குழம்பை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை. குடம்புளி போட்டிருப்பார், காந்தாரி மிளகாய் இடித்துச் சேர்த்திருப்பார், தேங்காயை வெண்ணெயாக அரைத்து ஊற்றியிருப்பார். வாசனை வேலியைத் தாண்டி வந்து ஆளைக் கூப்பிடும். ஆசையாக ஒரு வாய் வைத்தால் அதோடு சரி. உப்பு கிடையாது. முதல் நாள் மறந்துபோனார் என்று நினைத்து மரியாதைக்குச் சாப்பிட்டு முடித்தேன். இரண்டாவது நாளும் அப்படியே இருக்கவும் மெல்லக் கேட்டேன்.

"மறக்கல்ல சாரே. இந்த வீட்டில உப்ப எடுத்தாச்சு," என்றார்.

அதற்குப் பிறகு அவர் வேலிக்கு மேலாக நீட்டும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், என் பங்குக்கு ஒரு சிட்டிகை உப்பைக் கலந்து சாப்பிடுவேன். நன்றாக இருந்தது மாமி என்று மறுநாள் சொல்வேன். அவருக்கும் தெரியும். "உப்பு போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்," என்பார்.

பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்தது உபதேசியார் வீடு. சபையில் ஆராதனை நடத்தியும் வீடு வீடாகப் போய் ஜெபித்தும் ஓய்வு பெற்றவர் அவர். மாமி அவருடைய மனைவி. ஊரில் எல்லோருக்குமே மாமிதான்; சபைப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஒரே மகளைத் தெற்கே விளவங்கோடு தாலுகாவில் குழித்துறைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் போட்டார்கள். உபதேசியாருக்கு மைக் தேவைப்படாத தொண்டை. பிரசங்கத்தில் பழகிய குரலை அப்படியே மேடைக்குக் கொண்டுபோனார். எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா தமிழ்நாட்டோடு சேருகிற வரைக்கும் மலையாள எழுத்து ஒன்றுகூடத் தன் கண்ணில் ஏறாது என்று ஒரு கூட்டத்தில் சத்தியமும் செய்துவிட்டார். அதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. மலையாளத்தைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், ஆனால் படித்தது தமிழ் மட்டும். அந்த எழுத்து அதற்கு முன்பும் அவர் கண்ணில் ஏறியதில்லை.

அப்படி ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து ரத்தம் வடிந்து ஜிப்பாவை நனைத்தது. வாடகைக் கார் பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், மாமியும் நானும். மலையாளி டாக்டர். கையில் துணிப்பட்டையைச் சுற்றி ரப்பர்க் குமிழை அமுக்கினார். கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறிக்கொண்டே போனது. அது எங்கே நிற்கும் என்று மாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இதற்குப் பெயர் பிரஷர், இப்படியே விட்டால் ஒருநாள் தலைக்குள் நரம்பு வெடித்துவிடும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று விரலை நீட்டினார்.

"உப்பு வேண்டா. தேஷ்யம் வேண்டா. ராவிலெயும் வைகிட்டும் நடக்கணம்."

உபதேசியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கேட்டியா? தேசியம் வேண்டாம்னு பறையுதாரு. ரத்தம் பாக்க வந்த எடத்திலயும் நம்ம கட்சிய விடச் சொல்லுதாரு."

"தேசியம் இல்ல, தேஷ்யமாக்கும். கோவம்," என்றார் மாமி.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

டாக்டருக்குத் தமிழ் புரியும். சிரித்துக்கொண்டே, எந்தப் பெயர் சொன்னாலும் வேண்டாம்தான் என்றார். சிரிப்பில் கலந்துகொள்ளாதவர் மாமி ஒருவர்தான். அவர் கண் அந்த மூன்று விரலிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே உப்பு மரவை, அதாவது மரத்தில் குடைந்த அந்த உப்புப் பாத்திரம், அடுப்படியை விட்டுப் பரணுக்கு ஏறியது. கருவாடு இருந்த பானை அக்கம்பக்கத்துக்குத் தானமாகப் போனது. காலையில் கஞ்சியோடு வேகவைத்த பூண்டு, மத்தியானம் முருங்கையிலைத் துவரன், சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரியும். உப்புமாங்காய்ப் பரணி, அந்தப் பீங்கான் ஜாடி ஒன்று மட்டும் அடுப்படி மூலையிலேயே இருந்தது. உபதேசியார் கண்ணில் படாமல், அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு, நின்றபடியே அதில் ஒரு மாங்காயைக் கடித்துக்கொண்டு மாமி கஞ்சி குடிப்பார். நான் பார்த்துவிட்டேன்.

"நல்ல சாதனத்த கொட்டிக் கெடுக்கவா சாரே? நான் தின்னு தீர்க்குதேன். எனக்கு என்ன, பிரஷர் இருக்கா?"

நடக்க வைக்கிற வேலை எனக்கு வந்தது. டாக்டர் சொன்னபடி காலையும் மாலையும் ஏலா வரப்பு வழியாக உபதேசியாரோடு நடக்க வேண்டும். ஜங்ஷன் வழி கூடாது, அங்கே சாயாக்கடையில் எப்போதும் அரசியல். "அதிர்த்தி விசயம், எல்லைப் போராட்டம் ஒண்ணும் பேசாண்டாம் சாரே. பலாப்பழம், கீர்த்தனை, பள்ளிக்கூடம், இதில எது வேணும்னாலும் பேசுங்க," என்று மாமி எனக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தந்தார். வரிக்கைப் பலாவா கூழன் பலாவா என்ற பேச்சிலேயே உபதேசியாருக்கு முகம் சிவந்துவிடும். நான் கீர்த்தனைக்குத் தாவுவேன். அதில் ராகத்தைத் தப்பாகச் சொன்னேன் என்று வரப்பில் நின்று கத்துவார். வயலில் கொக்கு எழும்பிப் பறக்கும்.

ஆனால் மாமியின் பெரிய வேலை நடந்தது பத்திரிகையில்தான். ஊருக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒருநாள் பிந்தி வரும். மலையாளப் பத்திரிகை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடும். எதிராளி என்ன எழுதுகிறான் என்று அறிய வேண்டும் என்பதற்காக உபதேசியார் அதை வரவழைத்தார். வாசிக்க அவருக்கு எழுத்து தெரியாது, சத்தியம் வேறு இருந்தது. நெய்யாற்றின்கரையில் படித்த மாமி மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் வாசித்துச் சொல்வார். வேலிக்கு இந்தப்பக்கம் சவரம் செய்துகொண்டே நானும் கேட்பேன். சாயங்காலம் அதே பத்திரிகை என் கைக்கு வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

மந்திரி ஒருவர் போராட்டக்காரர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி ஏசியிருப்பார். மாமி வாசிப்பில் அது இப்படி வரும்: "மந்திரி பேசினாரு. நல்ல கூட்டம் உண்டு. பின்ன எல்லாரும் வீட்டுக்குப் போனாவ."

"வேற ஒண்ணும் பேசல்லியா?"

"மழை கொறவுன்னு பேசினாரு."

கைதான செய்தியெல்லாம் ஆட்கள் வெளியூர் போன செய்தியாகிவிடும். தடியடி நடந்த இடத்தில் கூட்டம் கலைந்தது என்று மட்டும் வரும். ஒருநாள் வேலியருகே நிறுத்தி, "மந்திரி பேச்சில மழை எங்க மாமி இருக்கு?" என்று சீண்டினேன்.

"உங்களுக்கு பிரஷர் உண்டா சாரே?"

"இல்ல."

"அப்பம் நீங்க உப்போட வாசியுங்க."

இதற்கிடையில் காரோட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அமல்பொரி வேரைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்தார். ரத்தக் கொதிப்பை அடக்க இதற்கு மேல் ஒன்று இல்லை என்றார். மாமி அதை இடித்துப் பாலில் கலந்து கொடுத்தார். இரண்டு வாரத்தில் உபதேசியார் அடங்கிப்போனார். நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். வரப்பில் நான் வேண்டுமென்றே ராகத்தைத் தப்பாகச் சொன்னேன், தலையைக்கூடத் திருப்பவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷம். மாமிக்கு இல்லை.

"நேத்து கஞ்சியில கல்லு கெடந்துது சாரே. கடக்குன்னு எனக்கு இங்க கேக்குது. துப்பிட்டு, ஒண்ணும் பேசாம எழும்பிப் போறாரு. எனக்கு பயமா இருக்கு."

மிச்சமிருந்த வேரை முந்தானையில் முடிந்துகொண்டு டாக்டரிடம் போனார். வீரியமான மருந்து இது, கண் அளவில் இடித்துக் கொடுக்கிற சாமான் இல்லை, அளவு தப்பினால் ரத்தத்தோடு மனசையும் இறக்கிவிடும் என்று டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார். திரும்பி வந்ததும் மாமி அதை அடுப்பில் போட்டார். "பிரஷர் எறங்கட்டு. ஆளு எறங்காண்டாம்," என்றார். பத்து நாள் கழித்து, விளக்குச் சிம்னியைத் துடைக்கவில்லை என்று உபதேசியார் போட்ட சத்தம் என் வீடு வரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமி அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் ஆடி மழையில், குழித்துறையை ஒட்டிய மார்த்தாண்டம் பக்கம் போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஆட்கள் செத்தார்கள் என்று சேதி வந்தது. பஸ் எதுவும் ஓடவில்லை. மாமி வேலியருகே வந்து நின்றார். எப்போதும் சாரே என்று கூப்பிடுகிறவர் அன்றைக்கு, "மக்கா, ஒரு நடை போய் எனக்க மகள பாத்துட்டு வா," என்றார். குடையும் செருப்பும் நனைய நடந்து போனேன். மகளும் மருமகனும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருந்தார்கள். திரும்பி வந்து மாமியிடம் சொன்னேன். அதன் பிறகு அவர் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய், உபதேசியார் காதில் இது விழ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் இருந்த வார்த்தை வெடி. எங்கள் பக்கத்துப் பேச்சில் துப்பாக்கி சுட்டாலும் வெடிதான், கோயில் திருவிழாவில் கொளுத்தினாலும் வெடிதான். மாமி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்.

"மார்த்தாண்டம் பக்கம் வெடி வச்சிருக்காவ. கோயில்ல. கொஞ்சம் பேருக்கு காயமாம்."

"எந்த கோயில்ல?"

"கோயில் விவரம் நமக்கு என்னத்துக்கு? நாம வேதக்காரங்கல்லா."

உபதேசியார் மேற்கொண்டு கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி இவருக்கு மட்டும் எட்டாமல் போயிற்றே என்று எனக்கு ஆச்சரியம்தான். மாமியின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததில் பாதரசம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கீழேதான் நின்றது.

அடுத்த வருடம், மாநில எல்லைகளை மொழிப்படி பிரிக்க அமைத்த கமிஷனின் அறிக்கை வந்தது. தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்கு. நெய்யாற்றின்கரை அதில் இல்லை. நான் முந்தின நாளே கேள்விப்பட்டிருந்தேன். காலையில் சவரக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை மாமி எப்படி மழையாக மாற்றப் போகிறார் என்று வேலியருகே நின்றேன். பத்திரிகையை விரித்த சத்தம் கேட்டது. பிறகு மாமி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், ஒரு சொல் விடாமல் வாசித்தார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு எல்லாம் அந்தப் பக்கம். நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம்.

"மக அங்க. நாம இங்க," என்று முடித்தார். அது பத்திரிகையில் இல்லாதது.

உபதேசியாரின் தொண்டையிலிருந்து என்ன கிளம்பப் போகிறதோ என்று நான் காதைக் கொடுத்து நின்றேன். அவர் நிதானமாக, "செரி. கஞ்சி எடு," என்றார்.

மாமி எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே ஒரு சட்டி விழுந்து உடைந்தது. வேலியைத் தாண்டி ஓடினேன். மாமி அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தார். வலது கை துவண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பழக்கத்தில் துணிப்பட்டையை முதலில் உபதேசியார் கையில் சுற்றப்போனார். "எனக்கு இல்ல டாக்டரே, அவளுக்கு," என்று உபதேசியார் கையை இழுத்துக்கொண்டார். பாதரசம் ஏறியது. உபதேசியாருக்கு ஏறியிருந்த இடத்தையும் தாண்டிப் போயிற்று. அன்று மாமி நின்ற அதே இடத்தில் நின்று உபதேசியார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உப்புமாங்காய்ப் பரணி நினைவுக்கு வந்தது. இத்தனை நாளும் மந்திரி பேச்சையும் தடியடியையும் யார் விழுங்கிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. தினமும் இரண்டையும் பார்த்தவன் நான், எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

டாக்டர் மறுபடியும் விரலை நீட்டினார். உப்பு வேண்டா. தேஷ்யம் வேண்டா.

"எனக்கு தேஷ்யமே வராதே டாக்டரே," என்றார் மாமி, குழறிய குரலில்.

வெளியே வராதது வேறு, உள்ளே இல்லாதது வேறு, என்றார் டாக்டர். இந்தத் தடவை அது தேசியமா தேஷ்யமா என்று உபதேசியார் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் மாமியின் கை ஓரளவு சரியாயிற்று. பத்திரிகையைத் தூக்கிப் பிடிக்க மட்டும் உபதேசியார் விடவில்லை. உப்புமாங்காய்ப் பரணியை அவரே தூக்கிவந்து வேலிக்கு மேலாக என்னிடம் தந்தார். மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்கே வந்துவிட்டார். கண்ணாடியும், கயிறு போட்டுக் கட்டிய பழைய பத்திரிகைக் கட்டும் கையில் இருந்தன.

"சாரே, இந்த எழுத்த எனக்கு சொல்லித் தாரும்."

"சத்தியம் செய்திருக்கீங்களே."

"சத்தியம் செய்யும்போ அவளுக்கு பிரஷர் இருந்ததா?"

ஒன்றாம் வகுப்பு மலையாளப் பாடப் புத்தகம் வாங்கித் தந்தேன். புருவத்தை நெரித்துக்கொண்டு, "எலே, இதுக்கு எதுக்குலே இத்தன வளைவு?" என்று எழுத்தையே அதட்டினார். மூன்று மாதம் ஆயிற்று. எழுத்துக் கூட்டத் தொடங்கியதும் பாடப் புத்தகத்தைத் தள்ளிவிட்டுப் பழைய பத்திரிகைக் கட்டை அவிழ்த்தார். மேலே இருந்தது அந்த ஆடி மாதப் பத்திரிகை. பெரிய எழுத்தில் விரலை வைத்து, "வெ... டி," என்று கூட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

"அவ கோயில்னு வாசிச்சப்பமே எனக்கு தெரியும் சாரே. ஆடி மழையில எவன் வெடிக்கெட்டு நடத்துவான்?"

"அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல்ல?"

"பேப்பரு அவ கையில கெடந்து நடுங்கிச்சு. நான் ஒரு சத்தம் போட்டா அவ அதோட விழுந்திருவா. கேட்டுட்டு இருந்தேன்."

"மத்த செய்தியெல்லாம்?"

"எல்லாம் தெரியும். ஊரு பேசாம இருக்குமா? ஆனா அவ வாசிச்சா நல்லா இருந்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினார். "இப்பம் அந்த வேலைய நான் படிக்கணும். எங்க எங்க எடுத்திருக்கா, எப்படி எடுத்திருக்கா, பாத்து சொல்லும்."

நானும் அவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையாக, மாமி எடுத்த உப்பை வரிவரியாகத் தேடினோம். எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். சில இடங்களில் அவரே நினைவுபடுத்திக்கொண்டு, "இதத்தான் மழைன்னு பறஞ்சா," என்று சிரித்தார். நான் அடுத்த பத்திரிகையை எடுத்து விரித்தேன்.

பிறகு வேலிக்கு அப்பாலிருந்து தினமும் காலையில் உபதேசியாரின் குரல் வந்தது. மைக் தேவைப்படாத அந்தத் தொண்டை எழுத்தெழுத்தாகத் தடுக்கித் தடுக்கி நடந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் ஏலா வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். எனக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று.

மாநிலம் பிரிந்து சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் உபதேசியார் இப்படி வாசித்தார்: "கடலில மீன் நல்லா கிட்டியிருக்காம். சாளை மலிவாம். மத்தபடி விசேஷம் ஒண்ணும் இல்ல." வழக்கத்தைவிட வேகமாக வாசித்தார்.

சாயங்காலம் மாமி இடது கையால் பத்திரிகையை வேலிக்கு மேல் நீட்டினார். கூடவே ஒரு கிண்ணத்தில் சாளைக் குழம்பு. பத்திரிகையைப் பிரிக்கப் போனேன்.

"மூணாம் பக்கம் பாருங்க சாரே. களியக்காவிளையில செக்போஸ்ட் வருதாம். மக வீட்டுக்குப் போணும்னா இனி அதத் தாண்டணும்."

"அவரு மீனைப் பற்றித்தானே வாசிச்சாரு?"

"மீன் செய்தி பேப்பர்லயே இல்ல. எனக்கு வாசிக்க அறியாதா?" மாமி திரும்பி வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் வாசிச்சாச்சுன்னு அவருகிட்ட பறையாண்டாம் மக்கா. பாவம், எழுத்துக் கூட்டி எடுத்து மாத்தினதாக்கும். அறிஞ்சா அவருக்க பிரஷர் ஏறும்."

கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய்ச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். அன்றைக்கு நான் உப்பைக் கலக்கவில்லை.